இரண்டு மில்லிமீட்டர் அசைவுக்கு ஓர் அலறல்

ஒரு பிசியோதெரபிஸ்ட் தன் கிளினிக் தரையில் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி மேசை மாதிரி நின்றுகொண்டு, நோயாளியின் கணவரைப் பார்த்து, "கண்ணு, உன்னைக் கும்பிடறேன், ஒரே ஒரு மிதி மிதிச்சுடு" என்று கெஞ்சுவது எந்தப் பாடத்திட்டத்திலும் கிடையாது. நான் கெஞ்சியிருக்கிறேன். கும்பிடறேன் என்று சொன்னேனே தவிர கும்பிட முடியவில்லை. கையை எடுத்தால் மூக்கு தரையில் மோதும்.

புதிதாகக் கிளினிக் போடும் ஜூனியர்கள் சிலர், "சார், உங்க அனுபவத்துல ஒண்ணை எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். படுத்த படுக்கையாக வந்தவரை ஓடவிட்ட கதையாக எதிர்பார்த்திருப்பார்கள். அப்படிப்பட்ட கதைகளை எழுத ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு நினைக்கும்போதெல்லாம் காது சூடாகிற கதை இது ஒன்றுதான்.

1. ஒற்றை விரல்

கோவை கணபதியில் கீழே லேத் பட்டறை, மேலே என் கிளினிக். இடுப்பு வலிக்காரர்களுக்கு மாடியில் கிளினிக் வைத்த அறிவாளி நான். படியேறி வரும் சத்தத்தைக் கேட்டே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். உண்மையில் கீழ்த்தளம் கிடைக்கவில்லை.

சுகன்யா படியேறி வந்த சத்தம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒவ்வொரு படியிலும் இடது காலை வைத்து, வலது காலை இழுத்து அதன் பக்கத்தில் சேர்த்து, மூச்சு வாங்கி, அப்புறம் அடுத்த படி. பின்னாலேயே அவள் கணவன் கதிர்வேல். ஒரு தோளில் எட்டு மாதப் பெண் குழந்தை, இன்னொரு தோளில் பை, கக்கத்தில் அவள் உட்காரத் தலையணை. பக்கத்துத் தெருப் பட்டறை ஒன்றில் அவன் லேத் ஆபரேட்டர்.

"எங்க வலிக்குது அம்மணி?" என்று கேட்டேன்.

வலது பக்கம், இடுப்புக்குப் பின்னால் குழி விழுமே, அதற்குச் சற்றுக் கீழே ஒற்றை விரலை வைத்துக் காட்டினாள். சாதாரண முதுகுவலிக்காரர்கள் உள்ளங்கையால் முதுகு முழுவதையும் தடவிக் காட்டுவார்கள். எஸ்.ஐ. ஜாயிண்ட் என்கிற இடுப்பின் பின்பக்க மூட்டில் வலிப்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான், ஊசி குத்தும் இடத்தைக் காட்டுவது போல ஒரு விரலால் காட்டுவார்கள்.

கர்ப்பத்தில் ஆறாம் மாதம் ஆரம்பித்த வலி. பிரசவத்துக்குப் பிறகு குறைந்துகொண்டே வந்திருக்கிறது. முழுதாகப் போகவில்லை. அங்கேதான் மிதி வருகிறது.

எங்கள் பக்கத்தில் கால் முதலில் வெளியே வரப் பிறந்தவர்களுக்கு ஆயுளுக்கும் ஒரு கூடுதல் உத்தியோகம் உண்டு. இடுப்புப் பிடித்துக்கொண்டால் அவர்கள் காலால் மிதிக்க வேண்டும், பிடிப்பு விட்டுவிடும் என்பது நம்பிக்கை. கதிர்வேல் அப்படிப் பிறந்தவன்.

"பள்ளிக்கூடத்துல பாடம் நடத்திட்டிருக்கறப்பவே வாத்தியாரு கூப்பிட்டு மிதிக்கச் சொல்லுவாருங்க சார்," என்றான். "கணக்குல ஃபெயிலானாக் கூட என்னைய மட்டும் திட்ட மாட்டாருங்க. நாளைக்கு இடுப்புப் புடிச்சா என்ன பண்றதுன்னு."

பிரசவம் ஆகி மூன்று மாதத்தில், தன் மாமியார் சொல்லி, சுகன்யாவின் இடுப்பை அவன் மிதித்திருக்கிறான். அன்று ராத்திரி அவளால் புரண்டு படுக்க முடியவில்லை. மறுநாள் பக்கத்து வீட்டுப் பெண்மணி வந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: மூட்டு விலகிப் போச்சு, இனி கனமாக எதையும் தூக்கினால் மொத்தமாகக் கழன்றுவிடும்.

அன்றிலிருந்து சுகன்யா குழந்தையைத் தூக்கவில்லை. உட்கார்ந்திருக்கும்போது யாராவது மடியில் வைத்தால் பால் கொடுப்பாள். மறுபடி யாராவது எடுத்துக்கொள்ள வேண்டும். அவளுடைய அம்மா மேட்டுப்பாளையம் பாக்கு மண்டியில் வேலைக்குத் திரும்பிப் போய்விட, கதிர்வேல் நைட் ஷிஃப்டுக்கு மாறிக்கொண்டான். பகலெல்லாம் குழந்தையைத் தூக்க, ராத்திரியெல்லாம் இரும்பு கடைய.

"பாப்பா இப்பத் தவழுதுங்க," என்றாள் சுகன்யா. "எங்கிட்ட வந்து ரெண்டு கையும் தூக்குதுங்க. நா..."

கதிர்வேல்தான் முடித்தான். "இவ செவுத்தப் பாத்துக்குவாளுங்க சார். கொளந்தை அழுதா காதப் பொத்திக்குவா. எல்லாம் என்ற காலு பண்ணுன வேலைங்க. அதுக்கப்பறம் நா ஒருத்தரையும் மிதிக்கறதில்லீங்க. போன வாரம் எங்க மொதலாளிக்கே புடிச்சுப்போச்சு, கூப்புட்டாரு. போவல."

அவன் அதைச் சொல்லும்போது தன் வலது காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

2. ரெண்டு எம்.எம். ப்ளே

என் மேசையில் பிளாஸ்டிக் இடுப்பெலும்பு ஒன்று உண்டு. கையில் எடுத்தால் எனக்கு வாய் நிற்காது.

"இங்க பாருங்க. முதுகெலும்பு கீழ வந்து முடியற எடத்துல தலைகீழா ஒரு முக்கோணம். இது சேக்ரம். ரெண்டு பக்கமும் முறம் மாதிரி விரிஞ்சு நிக்குதே, இது இலியம். ரெண்டும் சேர்ற எடந்தான் எஸ்.ஐ. ஜாயிண்ட். வலப்பக்கம் ஒண்ணு, இடப்பக்கம் ஒண்ணு."

மூட்டு என்றால் முழங்கை, முழங்கால் மாதிரி மடங்கி நீளும் என்று எல்லோரும் நினைக்கிறோம். இது அப்படியில்லை. சேரும் இரண்டு பரப்பும் காது வடிவத்தில் இருக்கும். வழவழப்பாகவும் இருக்காது. ஒன்றில் மேடு என்றால் எதிரில் அதற்கேற்ற பள்ளம். வயது ஏற ஏற அந்த மேடுபள்ளங்கள் கூடி இன்னும் நன்றாகக் கவ்விக்கொள்ளும். இது முதல் பூட்டு.

இரண்டாவது பூட்டு லிகமென்ட், எலும்போடு எலும்பைக் கட்டும் நார். முன்பக்கம் மெல்லிசாக ஒன்று. அது பெயருக்கு. பின்பக்கம்தான் விஷயமே. இரண்டு எலும்புக்கும் நடுவிலேயே குட்டையும் தடிப்புமாக நார்க்கற்றை அடைத்துக்கொண்டிருக்கும். உடம்பில் இருக்கும் பலமான லிகமென்ட்களில் அதுவும் ஒன்று. அதற்கு வெளியே இன்னொரு அடுக்கு. கீழே, சேக்ரத்திலிருந்து உட்காரும் எலும்புக்கும் அதன் பக்கத்து முள்ளுக்குமாக இரண்டு பட்டைகள். நாம் எழுந்து நின்றால் உடம்பின் எடை சேக்ரத்தின் தலையை முன்னால் தள்ளும், ஆமாம் போடுவதுபோல அது லேசாகத் தலையசைக்கும். அந்தத் தலையாட்டலுக்கு எங்கள் பாஷையில் நியூட்டேஷன். தலை முன்னால் போனால் வால் பின்னால் தூக்க வேண்டும் அல்லவா? வாலைத் தூக்க விடாமல் அந்த இரண்டு பட்டைகளும் பிடித்துக்கொள்ளும்.

"போர் குழிக்குள்ள மோட்டாரை எறக்கறப்ப கயித்துல முடிச்சுப் போடறோமே," என்றேன். "மோட்டார் கனம் எறங்க எறங்க முடிச்சு எறுகுமா, தளருமா?"

"எறுகுமுங்க," என்றான் கதிர்வேல்.

"அதேதான். மேல எடை ஏறுனா பின்னால இருக்கற லிகமென்ட் இழுபட்டு, ரெண்டு இலியத்தையும் உள்பக்கமா இழுத்துச் சேக்ரத்தக் கவ்வ வெச்சுடும். கனம் தூக்குனாக் கழலற மூட்டு இல்லைப்பா இது. கனம் தூக்குனா எறுகற மூட்டு."

அவன் பிளாஸ்டிக் எலும்பை வாங்கி, பட்டறையில் கடைந்த ஜாப்பைச் சரிபார்ப்பது போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். "மொத்தமா எவ்வளவு அசையுமுங்க சார்?"

"ரெண்டு எம்.எம். இருந்தா அதிகம். சுத்தறதுன்னா ஒண்ணு ரெண்டு டிகிரி, மிஞ்சிப்போனா நாலு."

"லூசா ரெண்டு எம்.எம். ப்ளே இருந்தா எங்க கம்பெனில ரிஜெக்ட் பண்ணிப்போடுவாங்களே."

என் முப்பது வருஷப் படிப்பு, அனுபவம் எல்லாவற்றையும் ரிஜெக்ட் பண்ணிய முகத்தோடு உட்கார்ந்திருந்தான். சுகன்யா அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். விடுவேனா நான்.

"அது ப்ளே இல்லைப்பா, சஸ்பென்ஷன். அந்த ரெண்டு எம்.எம். இல்லைன்னா நீ படியெறங்கறப்ப ஒவ்வொரு அதிர்ச்சியும் நேராத் தலைக்கு வரும். பிரசவத்துல கொளந்தை வர வழி வேணுமே, அதுக்காக ஹார்மோன் சுரந்து லிகமென்ட் கொஞ்சம் இளகும். அப்பறம் மெதுவா எறுகிக்கும். உன் பொண்டாட்டிக்கு லிகமென்ட் அதோட வேலையச் செய்யுது, சுத்தியிருக்கற தசைதான் மறந்துபோச்சு. நீ மிதிச்சதுல இளகுன எடம் இன்னும் எரிச்சலாச்சு, அவ்வளவுதான். உன் காலு அந்த மூட்ட நகர்த்தல. லாரி மோதுனா நகரும். நீ லாரியா?"

என் உதவியாளர் ஸ்டெல்லா வந்து, சுகன்யாவைப் படுக்கவைத்து வலது காலை நீட்டியபடி தூக்கச் சொன்னார். கால் படுக்கையை விட்டு எழவில்லை. ஸ்டெல்லா இரண்டு பக்க இடுப்பெலும்பையும் கையால் அழுத்திப் பிடித்ததும் எழுந்தது. வெளியிலிருந்து கை செய்ததை உள்ளிருந்து தசை செய்யப் பழக்க வேண்டும். அதுதான் சிகிச்சை. அதுவரை கொஞ்ச நாளைக்கு இடுப்புக்கு ஒரு பெல்ட்.

அவள் ஒழுங்காகப் பயிற்சி செய்தாள். சில வாரத்தில் காலை மாற்றி மாற்றி வைத்துப் படியேறினாள். படுத்துக்கொண்டு காலைத் தூக்கினாள், மணல் மூட்டையைத் தூக்கினாள், என் நாற்காலியைக்கூடத் தூக்கிக் காட்டினாள். குழந்தையை மட்டும் தூக்கவில்லை.

"மூட்டை கீழ உளுந்தா மூட்டைதானுங்க," என்றாள்.

3. ஆனை மிதித்தாலும்

அன்று குழந்தையைத் தூக்குவது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். சுகன்யா புதுச் சுடிதார் போட்டு, தலைக்குப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். அதைப் பார்த்ததுமே எனக்குத் தலைகால் புரியாமல் போனது. ஒரு பெண் தன் குழந்தையைத் தூக்குவதற்குப் பூ வைத்துக்கொண்டு வருகிறாள். இதை நல்லபடியாக முடித்துக் கொடுக்கப் போகிறவன் நான். அந்த நினைப்பில் மார்பு கொஞ்சம் விரிந்தது. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அந்த விரிந்த மார்புதான் காரணம்.

கதிர்வேல் வண்டியை நிழலில் நிறுத்தக் கீழே போயிருந்தான். ஸ்டெல்லா வெளியறையில் போனில். பாப்பா பாயில் உட்கார்ந்து ஒரு ரப்பர் பட்டையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

சுகன்யா பாயின் ஓரத்தில் நின்றாள். குனியப் போனாள். நிமிர்ந்தாள்.

"சார், சித்த நேரம் கழிச்சு."

"என்ன பயம் அம்மணி? எத்தன தடவ சொல்லிட்டேன், அது ஆனை மிதிச்சாலும் அசையாது. நீங்க சரியாத் தூக்க வேண்டாம். தப்பாவே தூக்குனாக்கூட ஒண்ணும் ஆகாது. இப்பப் பாருங்க, தப்பாத் தூக்கறேன்."

முழங்காலை மடக்கவில்லை. ஒற்றைக் காலில் எடையைப் போட்டேன். இடுப்பைத் திருகிக்கொண்டு, முகத்தை அவள் பக்கம் வைத்துச் சிரித்தபடியே, பாப்பாவை எடுத்தேன். காலையிலிருந்து ஆறு பேருக்குக் குனிந்து நிமிர்ந்த முதுகு, நாற்பத்தொன்பது வயது, பயிற்சி சொல்லிக் கொடுப்பேனே தவிர செய்கிற வழக்கம் கிடையாது. இவை எதுவும் அப்போது நினைவில் இல்லை.

வலது பக்கம், குழிக்குச் சற்றுக் கீழே, யாரோ திருப்புளியை உள்ளே விட்டுத் திருகியது மாதிரி இருந்தது.

"ஐயோ, விலகிப்போச்சு," என்று கத்தினேன்.

கத்தியது நான்தான். இந்த மூட்டு விலகாது என்று வாரக்கணக்கில் அந்தப் பெண்ணிடம் பாடம் எடுத்த வாய்தான் அது. கீழே பட்டறையில் லேத் நின்றதாகப் பின்னால் சொன்னார்கள். அது மின்வெட்டாகவும் இருக்கலாம் என்று நான் வாதாடி வருகிறேன்.

பாதி குனிந்த நிலையில், நீட்டிய கைகளில் குழந்தையோடு உறைந்து போனேன். பாப்பா என் கண்ணாடியைக் கழற்றிக் கடிக்க ஆரம்பித்தாள். நிமிர முடியவில்லை. அங்குலம் அங்குலமாக இறங்கி, முழங்கால் போட்டு, பாப்பாவைப் பாயில் உட்காரவைத்தேன். அந்த வரைக்கும் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதற்குப் பிறகு கைகளையும் ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

மூளை வேலை செய்தது. அதுதான் பிரச்சினை. முதலில் லிகமென்ட் அறுந்துவிட்டது என்றது. அடுத்த நொடி டிஸ்க் என்றது. அதற்கடுத்து, இந்த மூட்டில் ஆரம்பித்து முதுகெலும்பையே மூங்கில் கழியாக்கும் வாதநோய் நினைவுக்கு வந்தது. அது சின்ன வயதிலேயே தலைகாட்டுவது என்று தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். உடனே வயதானவர்களுக்கு வரக்கூடிய மற்ற பயங்கரங்கள் வரிசையில் வந்து நின்றன. கால்விரலை ஆட்டிப் பார்த்தேன், ஆடியது. சிறுநீர் போவதில் சிரமம் உண்டா என்று நோயாளிகளிடம் கேட்பதை எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். அந்த நிமிஷத்தில் சிரமமே இல்லாமல் போய்விடும் போலத்தான் இருந்தது.

சுகன்யா சுவரோரம் ஒட்டிக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். பிறகு பார்க்கவில்லை.

4. மிதி

அலறல் கேட்டு ஓடிவந்த கதிர்வேல் முதலில் குழந்தையைப் பார்த்தான். அது என் கண்ணாடியோடு சுகமாக இருந்தது. அப்புறம் மனைவியை. அப்புறந்தான் தரையில் நின்ற மேசையை.

"ஏனுங்க சார், என்னாச்சுங்க?"

இந்த இடத்தில் ஒரு தொழில்முறைப் பிசியோதெரபிஸ்ட், "ஒன்றுமில்லை, தசைப்பிடிப்பு, மெதுவாகப் பக்கவாட்டில் படுத்துக்கொள்கிறேன், ஐஸ் கொண்டு வாருங்கள்" என்று சொல்லியிருப்பார். நான், கும்பிட முடியாமல் கும்பிடு போட்டு, மிதிக்கச் சொன்னேன்.

"நா மிதிக்க மாட்டனுங்க சார்."

"மிதி கண்ணு."

"இவளுக்கு மிதிச்சதே போதுமுங்க. உங்களுக்கும் விலகிப்போச்சுன்னா நா எங்கீங்க போவேன்?"

"அதான் விலகாதுங்கறேனேப்பா. உன் காலால அதை ஒரு நூல் கூட நகர்த்த முடியாது. மிதி."

"நகராதுன்னா எதுக்குங்க மிதிக்கோணும்?"

நியாயமான கேள்வி. வலி உச்சத்தில் இருப்பவனிடம் நியாயம் பேசக்கூடாது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். அதுவரை இருபத்தைந்து வருடமாக நான் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

சுவரோரத்திலிருந்து சுகன்யாவின் குரல் வந்தது. "சார்தான் கேக்கறாருல்லங்க. மிதிங்க."

அவன் அவளைப் பார்த்தான். செருப்பை வாசலில் விட்டிருந்தும் கீழே குனிந்து பாதத்தை வேட்டி நுனியால் துடைத்தான். சாமி கும்பிடுவது போல ஒரு நொடி கண்ணை மூடினான். வலது காலைத் தூக்கி என் இடுப்பில் வைத்தான். வைத்தான் என்பதுகூட அதிகம். ஈ உட்கார்ந்தது. கால் நடுங்கியதால் ஈ என்றாவது தெரிந்தது.

"இது மிதியாப்பா? அழுத்து."

அந்த நேரத்தில்தான் ஸ்டெல்லா கதவைத் திறந்தார். அவருக்குப் பின்னால் முழங்கால் வலிக்கு முதல் தடவையாக வந்திருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், வெள்ளை வேட்டி சட்டையில். நான்கு காலில் நிற்கும் சிகிச்சையாளர், அவர் மீது ஒரு காலை வைத்து நிற்கும் இளைஞன், பக்கத்தில் கண்ணாடியைத் தின்னும் குழந்தை. தலைமையாசிரியர் எல்லாவற்றையும் மேலிருந்து கீழ் வரை ஒருமுறை திருத்தினார்.

"நீங்க பாருங்க," என்றார் மிகுந்த மரியாதையுடன். "நா பொறவு வாரனுங்க."

அந்தப் பொறவு இன்னும் வரவில்லை.

ஸ்டெல்லா நேராக ஃபிரிட்ஜுக்குப் போனார். ஐஸ் பேக்கைக் கொண்டுவந்து வைத்து, என்னைப் பக்கவாட்டில் உருட்டி, முழங்கால் நடுவே தலையணை கொடுத்துப் படுக்கவைத்தார். கதிர்வேல் தன் மனைவிக்குச் சுமந்து வந்த தலையணை அது. கொஞ்ச நேரத்தில் வலி தணிந்தது. மிதித்ததால் என்று ஒருவரும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டாம். அசையாமல் படுத்தால் இறுகிய தசை விடும். யாரும் யாரையும் மிதிக்க வேண்டாம், முக்கியமாகப் பிரசவமானவர்களை.

வலி போன இடத்துக்கு வெட்கம் வந்து உட்கார்ந்தது. அது ஐஸ் வைத்தால் தணியவில்லை.

சுகன்யா பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"சார், ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்க."

"இவரு மிதிச்சதுல எனக்கு எதுவும் நகரலைங்களா?"

"நகரலைம்மா. சத்தியமா."

"அப்ப நீங்க ஏனுங்க விலகிப்போச்சுன்னு கத்துனீங்க?"

வேடிக்கையாக ஏதாவது சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். அதுதான் என் தொழில், மற்றது உபதொழில். டெமோ என்று சொல்லியிருக்கலாம். உங்களைச் சோதித்தேன் என்று சொல்லியிருக்கலாம், நம்பியிருப்பாள். இரண்டு வாக்கியமும் நாக்கு நுனி வரை வந்தன. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மூட்டைப் பற்றி அவளுக்கு இருந்த நம்பிக்கையெல்லாம் இந்த வாய் வழியாகப் போனதுதான்.

"பயத்துலம்மா," என்றேன்.

"உங்களுக்கா? உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமேங்க."

"தெரியும். வலிச்சப்ப அதுல ஒண்ணு கூட ஞாபகத்துக்கு வரல. விலகிப்போச்சுன்னு நெசமாவே நெனச்சேன். இப்பக்கூட, எந்திரிச்சா மறுபடி புடிச்சுக்குமோன்னுதான் படுத்தே கெடக்கறேன்."

கதிர்வேலும் ஸ்டெல்லாவும் வேறு பக்கம் பார்த்தார்கள். சுகன்யா என்னையே பார்த்தாள். "எனக்கும் அப்படித்தானுங்க இருக்குது," என்றாள். "நீங்க அந்த எலும்ப வெச்சுட்டுச் சொல்றப்ப எல்லாம் புரியுது. ஊட்டுக்குப் போயி கொளந்தைகிட்டக் குனிஞ்சா ஒண்ணும் ஞாபகமிருக்கறதில்ல. உங்ககிட்டச் சொன்னா, இத்தன சொல்லியும் புரியாத மரமண்டைன்னு நெனப்பீங்கன்னு..."

அவள் குழந்தையைத் தூக்காமல் அன்று வீட்டுக்குப் போனாள். கதிர்வேல்தான் தூக்கிக்கொண்டு படியிறங்கினான். நான் இன்னும் கொஞ்ச நேரம் படுத்திருந்தேன்.

5. யார் முதலில்

அடுத்த முறை அவர்கள் வந்தபோது நான் சட்டைக்கு உள்ளே பெல்ட் கட்டியிருந்தேன். வலி ஏறக்குறைய போய்விட்டது. ஒரு மூத்த பிசியோதெரபிஸ்ட்டின் இடுப்பில் பெல்ட் தெரியக்கூடாது என்று சட்டையைத் தொளதொளவென்று வெளியே விட்டிருந்தேன். சுகன்யா உள்ளே வந்ததும் வராததுமாக, "பெல்ட் மேல ஏறியிருக்குதுங்க சார். இன்னும் கீழ கட்டோணும்," என்றாள். நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த இடம். இறக்கிக் கட்டிக்கொண்டேன்.

பாப்பாவைப் பாயில் விட்டார்கள். நானும் சுகன்யாவும் பாயின் இரண்டு ஓரத்திலும் நின்றோம்.

"தூக்குங்க அம்மணி."

"நீங்க மொதல்ல தூக்குங்க சார்."

"நா எதுக்கு?"

"உங்களுக்கு ஒண்ணும் ஆவலைன்னா நானும் தூக்கறனுங்க."

சரி என்று குனிந்தேன். இந்தத் தடவை பாடப்புத்தகத்தில் இருப்பது போல. கால்களை அகட்டினேன், முழங்காலை மடக்கினேன், வயிற்றை உள்ளிழுத்தேன், மூச்சை விட்டேன். கை குழந்தையின் கக்கம் வரை போனது. அங்கே நின்றது. திருப்புளி நினைவுக்கு வந்தது. ஒரு மூட்டு, இரண்டு பூட்டு, மோட்டார்க் கயிறு, முடிச்சு, நியூட்டேஷன், எல்லாம் இந்தத் தடவை ஒன்று விடாமல் நினைவுக்கு வந்தன. வந்தும் கை மேலே வரவில்லை. நிமிர்ந்துவிட்டேன்.

"என்னுங்க சார்?"

"ஒண்ணுமில்ல. சித்த நேரம்."

மறுபடி குனிந்தேன். மறுபடி நிமிர்ந்தேன். நெற்றியில் வியர்த்துவிட்டது. பாப்பா, தன்னைத் தூக்குவார்கள் என்று இரண்டு தடவை கையை விரித்து ஏமாந்து, மூன்றாவது தடவை என்னை நம்பாமல் உதட்டைப் பிதுக்கினாள். பிறகு பாயைத் தாண்டித் தவழ்ந்து தன் அம்மாவின் காலடிக்குப் போய், சுடிதாரைப் பிடித்து எழுந்து நின்று, இரண்டு கைகளையும் மேலே நீட்டினாள். பிடிப்பு விட்டதால் தள்ளாடினாள். விழப் போகிறாள் என்று நாங்கள் எல்லோரும் மூச்சை நிறுத்தினோம்.

சுகன்யா குனிந்தாள். என்னைப் பார்த்து, "உங்களால இன்னைக்கு ஆவாதுங்க சார்," என்று சொல்லிக்கொண்டே தூக்கினாள்.

முழங்காலை மடக்கவில்லை. எடை ஒரு காலில். இடுப்பு திருகியிருந்தது. நான் சொல்லிக்கொடுத்த ஒன்றையும் செய்யவில்லை. தூக்கியபிறகுதான் அவளுக்கே தெரிந்தது. அப்படியே நின்றாள். குழந்தை அவள் கழுத்தில் முகத்தைத் தேய்த்தது. அவள் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு எடையை மாற்றினாள், மறுபடி மாற்றினாள், எதற்கோ காத்திருப்பது போல. ஒன்றும் வரவில்லை. அப்புறம் ஜன்னலுக்கு நடந்து போய் எங்களுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டாள்.

கதிர்வேல், "வண்டி வெயில்ல நிக்குதுங்க சார், பாத்துப்போட்டு வாரேன்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான். வண்டிச் சாவி என் மேசையிலேயே இருந்தது. நான் கூப்பிடவில்லை.

கடைசியாக, ஜூனியர்களுக்கு

சேக்ரம், இலியம், லிகமென்ட்களின் பெயர், எத்தனை டிகிரி எந்தப் பக்கம் அசையும் என்பதையெல்லாம் நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். நோயாளிக்கும் சொல்லுங்கள். விலகிவிட்டது, நகர்ந்துவிட்டது, ஏறிவிட்டது என்ற சொற்களை மட்டும் கிளினிக்குக்குள் விடாதீர்கள். வலி எப்போதோ குறைந்த பிறகும் அந்தச் சொல் போகாது. சுகன்யாவிடம் அது பல மாதம் குடியிருந்தது, என்னிடம் எத்தனையோ வருடமாக இருந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் விளக்கினால் பயம் போய்விடும் என்று நான் நினைத்திருந்தது தவறு. அன்று தரையில் இருந்தபோது கோவையிலேயே அந்த மூட்டைப் பற்றி அதிகம் பேசியவன் நான்தான். ஒரு வரிகூட உதவவில்லை. பயப்படுகிறவர்கள் புரியாதவர்கள் என்ற எண்ணத்தோடு இத்தனை வருடம் எத்தனை பேரைப் பார்த்துச் சிரித்திருப்பேன் என்று கணக்குப் பார்க்கத் துணிவில்லை. அவர்களில் பலர் என்னிடம் பயத்தை மறைத்துக்கொண்டு, "சரிங்க சார், புரிஞ்சுதுங்க" என்று சொல்லிவிட்டு வீட்டில் போய் சுவரைப் பார்த்திருப்பார்கள்.

இப்போதெல்லாம் "பயப்படாதீங்க" என்று சொல்வதை விட்டுவிட்டேன். "தூக்குனா என்ன ஆகும்னு நெனைக்கறீங்க?" என்று கேட்கிறேன். கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லி முடிக்கும் வரை வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். எங்கள் கிளினிக்கில் இருக்கிற பயிற்சிகளிலேயே கடினமானது அதுதான் என்கிறார் ஸ்டெல்லா. முன்னேற்றம் மெதுவாக இருக்கிறதாம்.